பெரிய அண்ணியின் கூற்றுகள்: ஓர் ஆய்வு

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்பு என்று சிலரும், சக்கரம் என்று சிலரும் சொல்லித் திரிகிறார்கள். பாவம், விவரம் போதாதவர்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவன் கையைச் சுட்டுக்கொண்டான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனின் வாரிசுகள் நடுரோட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல், மூளையைத் துளியும் சிரமப்படுத்தாமல், சாதாரண மனிதனை மேதையாக்கிக் காட்டும் கண்டுபிடிப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இரட்டை மேற்கோள் குறி.

இந்த உண்மையை உலகம் உணரும் முன்பே உணர்ந்த பெருமை, அந்தக் கல்லூரியின் மொழித்துறைத் தலைவரைச் சாரும். பிறர் சொல்லாத எதையும் அவர் தம் வாயால் சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டினால், “‘மழை பெய்யும்’ என்று வானிலை அறிக்கை கூறியிருப்பது இங்கே கருதத்தக்கது” என்பார். அறிக்கை கூறாத நாட்களில் குடையை விரிக்காமல் நனைந்தபடியே வீட்டுக்குப் போவார். பெண் பார்க்கப் போன இடத்தில் “பிடித்திருக்கிறது” என்று சொல்லத் தகுந்த மேற்கோள் கிடைக்காததால்தான் அவர் கடைசிவரை பிரம்மச்சாரியாக நின்றுவிட்டார் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே நாம் நம்பக்கூடாது.

இப்பேர்ப்பட்ட துறையில்தான் டெம்பரவரி மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தாவே அதை மறந்து பல காலம் ஆகிறது. ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு அந்தக் கல்லூரி அளித்திருந்த பொருள் மிக விசாலமானது. அவளுக்குப் பின் சேர்ந்தவர்கள் நிரந்தரமாகி, பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்றுப் போனார்கள். அவர்களுடைய வழியனுப்பு விழாக்களில் வரவேற்புரை வாசித்தது அவள்தான். துறையில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. அன்றைக்கு யார் விடுப்போ, அவருடைய நாற்காலி அவளுடையது. எல்லோரும் வேலைக்கு வந்துவிட்ட கொடிய நாட்களில் நின்றுகொண்டே விடைத்தாள் திருத்துவாள்.

ஒருவழியாக ஒரு நிரந்தர இடம் காலியானது. ஆனால் சும்மா கொடுத்துவிட முடியுமா? தொலைக்காட்சிப் பாத்திரம் ஒன்றைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. பழைய இலக்கியத்தை ஆராய்ந்தால் அதைப் படித்தவர்களுக்கு மட்டும்தான் புரியும். தொலைக்காட்சியை ஆராய்ந்தால் எதையும் படிக்காதவர்களுக்கும் புரியும் என்பது நிர்வாகத்தின் தொலைநோக்கு. நிர்வாகத்தில் எல்லோரும் இரண்டாம் வகை.

துறைத்தலைவர் அவளை அழைத்து முறைப்படி விளக்கினார்.

“மேடம், கட்டுரைன்னா என்ன?”

“ஒரு விஷயத்தைப் பத்தி நாம என்ன நினைக்கிறோம்னு...”

“அங்கதான் தப்பு பண்றீங்க. நீங்க நினைக்கிறது யாருக்கு வேணும்? நானே இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு தடவையாவது எதையாவது நினைச்சிருப்பேனா?”

“இல்லைங்கய்யா.” இதை அவள் உளப்பூர்வமாகச் சொன்னாள்.

“கட்டுரைங்கறது மேற்கோள். மேற்கோளை மொட்டையா விடக்கூடாது. மந்திரி தனியா நடந்து வந்தா யாராவது மந்திரின்னு நம்புவாங்களா? முன்னாடி ஒரு வண்டி போகணும், பின்னாடி ஒரு வண்டி வரணும். அது மாதிரி, மேற்கோளுக்கு முன்னாடி அறிமுகம், பின்னாடி விளக்கம். அந்த ரெண்டு வண்டியையும் ஓட்டறதுதான் உங்க வேலை. மந்திரி சீட்ல ஏறி உட்காரக்கூடாது. புரியுதா? உங்க சொந்தக் கருத்தையெல்லாம் வீட்டுல வச்சுட்டு வாங்க.”

பாத்திரங்கள் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருந்தன. நிரந்தரமானவர்கள் நல்ல பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். கண்ணீர் சிந்தும் நாயகி ஒருவருக்கு, துப்பறியும் இன்ஸ்பெக்டர் இலக்கணப் பேராசிரியருக்கு. யாரும் தொடாமல் மிச்சம் கிடந்தது ஒரே ஒருத்தி: எட்டரை மணி சீரியலில் வரும் பெரிய அண்ணி. குடும்பத்தைக் கெடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்துவரும் வில்லி.

“ஐயா, அந்த சீரியலுக்கு வசனம் எழுதறது என் வீட்டு...”

“யார் எழுதினா நமக்கென்ன? நாம ஆராயறது பாத்திரத்தை. எழுதினவரை ஆராய்ஞ்சா அது வம்பு.”

எழுதுவது அவளுடைய கணவர்தான். ஊரே அவரை வசனகர்த்தா என்று அழைக்கும். ஆனால் அவருடைய சீரியலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டரை மணிக்கு அவள் சமையலறையில், வாஷிங் மெஷின் மூடியின் மேல் விடைத்தாள்களைப் பரப்பி நின்றுகொண்டிருப்பாள். வீட்டில் இருந்த ஒரே மேஜை வசனகர்த்தாவுடையது. படைப்பாளி அல்லவா? காலையில் அவர் அதில் உட்கார்ந்து எழுதித் தருவதை அன்றைக்கே படம் பிடித்து, அடுத்த வாரம் ஒளிபரப்பிவிடுவார்கள்.

அன்று இரவு முதல்முறையாக அவள் மாமியார் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். மாமியார் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்ததே ஒரு சம்பவம். திரையில் பெரிய அண்ணி மாடிப்படியில் இறங்கி வந்தாள். ஒரு புருவம் ஏறியது. கையில் ஒரு சிறிய விஷ பாட்டில். குடும்பமே கீழே நடுங்கி நிற்க, அவள் நிதானமாகச் சொன்னாள்: “நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு யாரும் நினைக்காதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

இடி இடித்தது. கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு இடி.

மேடத்துக்குக் காபி டம்ளர் கையில் அப்படியே நின்றுவிட்டது. போன வாரம், விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது கணவர் வந்து, “சும்மாதானே இருக்கே, ஒரு டீ போடேன்” என்றார். அதற்கு அவள் சொன்ன பதில் இது. எழுத்துப் பிசகாமல் அதேதான்.

“ராட்சசி! என்னா பேச்சு பேசறா பாரு” என்று மாமியார் கன்னத்தில் கை வைத்தார்.

“அத்தை, இது நான் சொன்னது.”

“நீயா?”

“போன வாரம். நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?”

மாமியார் யோசித்துப் பார்த்தார். “இருந்தேன். ஆனா நீ சொல்லும்போது இவ்வளவு பயமா இல்லையேம்மா.”

“ஏன்?”

“நீ சொல்லும்போது இடி இடிக்கலையே.”

அடுத்த காட்சியில் பெரிய அண்ணி, வக்கீலின் சட்டையைப் பிடித்து, “இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு இடம் வேணும். கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. இனிமே கேக்க மாட்டேன்” என்றாள். சொத்துப் பத்திரம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. மேடம் அதைச் சொன்னது ஒரு மேஜைக்காக. சின்ன மேஜைதான். மடக்கி வைக்கிற மாதிரி இருந்தாலும் போதும் என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

வசனகர்த்தா வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நான் பேசினதை எடுத்து அந்த வில்லி வாயில போட்டிருக்கீங்க.”

“எது? ஓ, பாத்துட்டியா? எப்படி இருந்துச்சு?”

“என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்! உன் பேச்சை நான் காதுலயே வாங்கறதில்லைன்னு சொல்லுவியே, இப்ப ஒத்துக்கறியா?”

“என்னைக் கொலைகாரி ஆக்கி வச்சிருக்கீங்க.”

“நான் எங்க ஆக்கினேன்? உன் வார்த்தையில ஒரு புள்ளியைக்கூட நான் தொடல. முன்னாடி ஒரு விஷ பாட்டில் வச்சேன், பின்னாடி ஒரு இடி வச்சேன். நடுவுல இருக்கறது பூரா நீதான்.”

மேற்கோளைத் திறம்படப் பொருத்துவது எப்படி என்று துறை நடத்திய பயிலரங்குகளில் எல்லாம் அவள் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறாள். அந்தப் பாடம் இப்போது தன் வீட்டு வாசலில், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் அவளுக்கு விளங்கியது. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. நடுவில் யாரைக் கொண்டுபோய் எங்கே இறக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இருந்தாலும் நிரந்தர வேலை நிரந்தர வேலைதான். கோபத்தை மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள், அதாவது நின்றாள். ஆரம்பத்திலேயே ஒரு கல்விச் சிக்கல் முளைத்தது. பெரிய அண்ணி எதையும் ஒரு தடவை சொல்வதில்லை. ஒரே வசனத்தை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவார்கள், கூடவே இடி. இதை எப்படி மேற்கோள் காட்டுவது? துறைத்தலைவர் உடனே ‘அவசர ஆலோசனைக் கூட்டம்’ கூட்டினார். பூட்டிக் கிடந்த கருத்தரங்க அறையைத் திறந்து, மின்விசிறியைச் சுற்றவைத்து, தூசியோடு விவாதம் தொடங்கியது.

“மூணு தடவை சொன்னதை ஒரு தடவை காட்டினா அது சுருக்கம். மேற்கோள் ஆகாது” என்றார் இலக்கணப் பேராசிரியர்.

“மூணு தடவையும் காட்டினா பக்கம் நிரம்புமே” என்றாள் மேடம்.

“நிரம்பட்டுமே! கட்டுரை எதுக்கு எழுதறோம்?”

“அது சரி, இடி குறிக்கு உள்ள வரணுமா, வெளிய வரணுமா?” துறைத்தலைவர் கேள்வியை எழுப்பியதும் அறை கனத்துப் போனது. இடி என்பது பாத்திரத்தின் கருத்தா, தயாரிப்பாளரின் கருத்தா? பாத்திரத்தின் கருத்து என்றால் உள்ளே. தயாரிப்பாளர் கருத்து என்றால் அடிக்குறிப்பு. நூலகர் மட்டும், “அது சத்தம்தானே சார்?” என்றார். அவரைத் தொழில்நுட்பம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். மாலை மணி அடிக்கும்போது, இடியை ‘இயற்கையின் உடன்பாடு’ எனக் கொண்டு குறிக்கு வெளியே அடைப்புக்குறிக்குள் இடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மாணவர்களுக்கும் துறையின்மேல் மதிப்பு கூடியது.

முதல் வரைவு துறைத்தலைவரிடம் போய், உடம்பெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. மேற்கோள்களை அவர் தொடவில்லை. நடுநடுவே அவள் எழுதியிருந்த சொந்த வாக்கியங்களைத்தான் தேடித் தேடி அடித்திருந்தார்.

“‘வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை யார் கண்ணுக்கும் வேலையாகத் தெரிவதில்லை.’ இது யார் சொன்னது?”

“நான்தாங்கய்யா.”

“நீங்க சொன்னா எப்படி மேடம்? நீங்க யாரு?”

துறையில் அவள் யாரும் இல்லை என்பது எழுத்துபூர்வமாகவே இருந்தது.

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்குப் போனாள். வசனகர்த்தா சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்ததைப் பார்த்ததும், “நான் செய்யற வேலை உங்க யார் கண்ணுக்காவது வேலையாத் தெரியுதா? கை ரெண்டையும் வெட்டிப் போட்டாத்தான் தெரியுமா?” என்று கத்திவிட்டாள். வசனகர்த்தா நின்றார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு வேகமாகத் தன் மேஜைக்குப் போனார். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் துறைத்தலைவர் நடைபாதையிலேயே அவளை மடக்கினார். முகமெல்லாம் பரவசம்.

“மேடம், நேத்து பாத்தீங்களா? பெரிய அண்ணி கத்தியைக் கையில வச்சுக்கிட்டு, ‘நான் செய்யற வேலை உங்க யார் கண்ணுக்காவது வேலையாத் தெரியுதா’ன்னு கேட்டாங்களே! என்ன சிந்தனை! என்ன ஆழம்! நீங்களும்தான் ஏதோ எழுதியிருந்தீங்க, உப்புசப்பு இல்லாம. அதைத் தூக்கிட்டு இதைப் போடுங்க. இப்ப ஆதாரம் கெடச்சிடுச்சு.”

டெம்பரவரி மேடத்துக்கு அந்த நடைபாதையில்தான் ஞானம் பிறந்தது. சொந்தக் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார் அல்லவா? வைத்தாள். அது ஒரே வாரத்தில் இடிமுழக்கத்தோடு, எபிசோடு எண்ணோடு, ஆதாரமாகத் திரும்பி வந்து நிற்கிறது! இதைவிடச் சீரான கல்விமுறை எந்த நாட்டில் உண்டு?

அன்றிலிருந்து அவள் முறைப்படி ஆராய்ச்சியில் இறங்கினாள். கட்டுரைக்கு என்ன கருத்து வேண்டுமோ, அதை வைத்து வீட்டில் ஒரு சண்டை. தொடக்கத்தில் சில தோல்விகள் நேர்ந்தன. “அதிகாரம் என்பது பிறரின் மௌனத்தை முதலீடாகக் கொள்கிறது” என்று சாதம் பரிமாறிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். வசனகர்த்தா, “உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வாக்கியம் சூடாக வரவேண்டும். கூடவே ஒரு பாத்திரம் உருண்டால் உத்தமம். மறுநாள் கரண்டியை வீசிவிட்டு, “நான் வாயை மூடிக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் நீங்க எல்லாம் பெரிய மனுஷங்க!” என்றாள். உடனே அவர் கண்ணை மூடினார்.

நாளடைவில் மாமியாரும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கட்டுரை ஒன்றும் புரியவில்லை. ஆனால் எட்டரை மணிக்கு என்ன வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்தத் தெருவில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

“இன்னைக்கு எதைப் பத்திம்மா?”

“படிச்ச பொண்ணுக்கும் வீட்டுல மரியாதை இல்லைங்கறதைப் பத்தி, அத்தை.”

“அப்ப நான் உன் படிப்பைக் குத்திக் காட்டட்டுமா?”

“அவர் காதுல விழற மாதிரி காட்டுங்க.”

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பெரிய படிப்பு படிச்சிட்டா, துணி காயப்போடத் தெரியல” என்று தொடங்குவார். மருமகள் பிடித்துக்கொள்வாள். அரை மணி நேரம் வீடு இரண்டுபடும். வசனகர்த்தா எழுதிக் குவிப்பார். அவர் அறைக்குள் போனதும் மாமியாரும் மருமகளும் பட்டாணி உரித்துக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அந்த இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

கட்டுரை தளதளவென்று வளர்ந்தது. அவள் நினைத்தது, அவள் பட்டது, இத்தனை காலமும் யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்தது எல்லாம் குறிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. “பெரிய அண்ணி கூறுவதாவது”, “பெரிய அண்ணி சுட்டுவது போல”, “பெரிய அண்ணியின் கருத்து ஈண்டு நோக்கத்தக்கது”. துறைத்தலைவரின் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லாமல் போனது.

நேர்காணல் நாள் வந்தது. நீள மேஜையின் ஒரு பக்கம் துறைத்தலைவர், நிர்வாகச் செயலாளர், வெளியூரிலிருந்து வந்த நிபுணர். எதிரில் அவள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

நிபுணர் கட்டுரையைத் தடவிக் கொடுத்தார். “அற்புதம். நான் எத்தனையோ தத்துவம் படிச்சிருக்கேன். இந்தப் பெரிய அண்ணி மாதிரி பெண்களோட நிலைமையைப் புட்டுப் புட்டு வச்ச ஆளை நான் பாத்ததில்லை. ‘எனக்கு உதவி வேண்டாம், உபத்திரவத்தைக் கொஞ்சம் ஷேர் பண்ணிக்கங்க’ன்னு சொல்றாங்களே, படிச்சிட்டு நான் என் மனைவிக்குப் போன் பண்ணினேன்.”

“நன்றிங்க” என்றாள் மேடம்.

“நீங்க எதுக்கு நன்றி சொல்றீங்க? என்னோட ஒரே வருத்தம், பெரிய அண்ணி இவ்வளவு சொல்றாங்க. இதுல உங்க குரல் எங்க? ஒரு இடத்துலகூடக் கேக்கலையே?”

துறைத்தலைவரும் கவலையோடு தலையாட்டினார். “நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. “எல்லாமே என் குரல்தாங்க. பெரிய அண்ணி சொன்னது அத்தனையும் நான் என் வீட்டுல பேசினது. வசனம் எழுதறவர் என் வீட்டுக்காரர்.”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், அடுத்தவங்க சொன்னதை நம்மதுன்னு சொல்றதுக்கு என்ன பேர்னு தெரியுமா?”

“தெரியும். அதைத்தான் என் வீட்டுக்காரர் பண்ணியிருக்கார்.”

“ஆதாரம்?” என்றார் துறைத்தலைவர்.

“அவரையே கேளுங்க.”

போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை நடுவில் வைத்தார்கள். வசனகர்த்தா படப்பிடிப்பில் இருந்தார். பின்னால் யாரோ இடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நிபுணர் விஷயத்தைச் சொல்லி, “பெரிய அண்ணி பேசறதெல்லாம் உங்க மனைவி பேசினதா?” என்று கேட்டார்.

அந்தப் பக்கம் “யாருப்பா போன்ல?” என்று தயாரிப்பாளரின் குரல் கேட்டது. மேடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். ‘ஆமா, அவ சொன்னதுதான்.’ பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. இடிகூட வேண்டாம்.

வசனகர்த்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “சார், எங்க சீரியல் ஆரம்பத்துலயே தெளிவா ஒரு கார்டு போடறோம். ‘இத்தொடரில் இடம்பெறும் பாத்திரங்களும் உரையாடல்களும் முழுக்க முழுக்கக் கற்பனையே. உயிரோடு இருக்கும் எவரையும் குறிப்பிடுவன அல்ல.’”

“ஆகா!” துறைத்தலைவர் மேஜையைத் தட்டினார். “கேள்வி கேட்டதும் மேற்கோளாவே பதில் சொல்றார் பாருங்க! ஆதாரத்தோட!”

இத்தனை நாளும் மேடத்துக்குக் கோபம்தான் இருந்தது. கோபத்தில் ஒரு தெம்பு உண்டு. இப்போது வந்தது வேறு. நெஞ்சில் யாரோ பலகையைப் போட்டு மூடியது போல வலித்தது. உயிரோடு இருக்கும் எவரையும் அல்ல என்று தன் கணவரே சொன்னதை, தனக்குக் கிடைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டாள்.

குழு கூடிப் பேசி நியாயமான முடிவுக்கு வந்தது. ‘பிறர் கருத்தைத் தனதென உரிமை கோரியமைக்காக’ டெம்பரவரி மேடத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மனிதாபிமானம் கருதி அவள் தற்காலிகமாகத் தொடரலாம். அந்த நிரந்தர இடத்துக்குத் துறைத்தலைவரிடம் ஓர் அரிய யோசனை இருந்தது. அவர் வாழ்நாளிலேயே முதல் யோசனை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

“மேற்கோள் காட்டறவங்க தெருவுக்குப் பத்து பேர் கிடைப்பாங்க. மேற்கோளைச் சொன்னவரே நேர்ல வந்து பாடம் எடுத்தா எப்படி இருக்கும்?”

இப்படியாக வசனகர்த்தா பேராசிரியரானார். அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது.

அன்று மாலை அவர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். “யாருக்குக் கிடைச்சா என்ன? ஒரே வீடுதானே? அங்க தயாரிப்பாளர் பக்கத்துலயே நிக்கறார், நான் வேற என்ன சொல்ல முடியும்? நீயே சொல்லு.”

அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் எதையும் சொல்லவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள். துணியைக் காயப்போட்டாள். மாமியார் மனசு கேட்காமல், “படிப்பைக் குத்திக் காட்டட்டுமாம்மா?” என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

விளைவு அடுத்த வாரமே திரையில் தெரிந்தது. பெரிய அண்ணி மாடிப்படியில் இறங்கி வந்தாள், புருவத்தை உயர்த்தினாள், திரும்பி ஏறிப் போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் இறங்கவே இல்லை. இடி மட்டும் இடித்தது. துறைத்தலைவர் சளைக்கவில்லை. ‘பெரிய அண்ணியின் மௌனம்: ஒரு மறுவாசிப்பு’ என்று கட்டுரை எழுதி, இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாமல் பக்கம் பக்கமாக வெளியிட்டார். இதுவே அவருடைய ஆகச் சிறந்த படைப்பு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வசனகர்த்தாதான் மெலிந்துபோனார். “ஏதாவது பேசேன், திட்டவாவது திட்டேன்” என்று வாஷிங் மெஷின் பக்கத்தில் வந்து நின்று கெஞ்சினார். அவள் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

புதிய பேராசிரியருக்குக் கல்லூரி அரங்கில் பாராட்டு விழா நடந்தது. மேடையில் மாலைகள், கீழே மாணவர்கள். மூன்றாவது வரிசையில் மாமியாரும் மருமகளும். துறைத்தலைவர் பெரிய அண்ணியின் பொன்மொழிகளை ஒவ்வொன்றாக வாசிக்க, அரங்கம் ஒவ்வொன்றுக்கும் கை தட்டியது. “எல்லாரும் தட்டணும்!” என்று அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்துச் செல்லமாகக் கண்டித்தார்.

பிறகு வசனகர்த்தா மைக்கைப் பிடித்தார். “இந்த வெற்றிக்குப் பின்னால ஒரு பெண் இருக்காங்க” என்றார். “அவங்க இல்லைன்னா நான் இல்லை. அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.”

மேடம் தன்னையறியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எழுந்திருக்கக் கால் ஊன்றிவிட்டாள்.

முதல் வரிசையிலிருந்து பெரிய அண்ணியாக நடித்த நடிகை எழுந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடம் ஊன்றிய காலை எடுக்கவில்லை. எழுந்தே நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. சத்தம் மெல்ல அடங்கியது. மாமியார், “பேசும்மா” என்றார்.

“என் வாயிலிருந்து பிடுங்கினதை என் முன்னாடியே வாசிச்சு, அதுக்கு என்னையே கை தட்டச் சொல்றீங்களே,” என்றாள் அவள். குரல் அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. “நான் இங்க உயிரோட நிக்கறேன். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட வெக்கமா இல்லையா?”

நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தார். பின்னாலேயே அரங்கம் முழுவதும் எழுந்தது. துறைத்தலைவர் புல்லரித்துப் போய்ப் பேனாவைத் திறந்தபடி வசனகர்த்தாவின் பக்கம் சாய்ந்தார்.

“அபாரம் சார்! இது எந்த எபிசோடு?”

வசனகர்த்தா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஊறியது.

“அடுத்த வாரம் வருதுங்க.”